கைத்துப்பாக்கித் தடையும் கடலூர் அரிவாளும்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், சிப்காட் ஆலைகளை ஒட்டி இருக்கிறது குடிகாடு. இங்கே ஒருவர் தம் ஆயுளில் நேரில் பார்க்கும் துப்பாக்கிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வங்கிக்குப் பணம் கொண்டுவரும் வண்டியில் காவலாளியின் தோளில் தொங்கும் 12 போர் இரட்டைக்குழல், பந்தோபஸ்துக்கு வரும் ஆயுதப்படைக் காவலரின் கையில் இருப்பது, கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்திருந்தால் .22 ரைபிள், திருவிழாக் கடையில் பலூன் சுடும் ஏர்கன், நரிக்குறவர் தோளில் எப்போதாவது தென்படும் நாட்டுத்துப்பாக்கி. இந்தப் பட்டியலில் கைத்துப்பாக்கி இல்லை. ரிவால்வரோ பிஸ்டலோ சினிமாவில் பார்த்ததுதான். மிஞ்சிப்போனால் காவல் ஆய்வாளரின் இடுப்பு உறையில் பார்த்திருப்பார்கள்.

கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தால் துப்பாக்கி வன்முறை குறையுமா என்ற கேள்வியை அமெரிக்காவை முன்வைத்தே கேட்டுப் பழகிவிட்டோம். அங்கே அது இன்னும் நடக்காத ஒன்றைப் பற்றிய வாதம். இங்கேயோ, தடை என்ற பெயர் இல்லாமல், ஏறக்குறைய தடைக்கு நிகரான நிலைமை ஒன்றரை நூற்றாண்டாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் மனுப்போட வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். எல்லாம் கூடிவந்தாலும் ராணுவமும் போலீசும் பயன்படுத்தும் 9 மி.மீ., .38 வகைகள் சாதாரணக் குடிமகனுக்குக் கிடையா; .32 ரிவால்வரோ அதற்குக் கீழோதான். 2014இல் பெண்களுக்கென்று கான்பூர் அரசுத் தொழிற்சாலை கொண்டுவந்த ‘நிர்பீக்’ ரிவால்வரின் விலை 1.20 லட்சம் ரூபாய்க்கு மேல். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 2016 முடிவில் நாடு முழுவதும் இருந்த உரிமங்கள் சுமார் 33.7 லட்சம் என்றது உள்துறை அமைச்சகம். உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். ஏழு கோடிப் பேருக்கு மேல் வாழும் தமிழ்நாட்டில் சுமார் 22,500.

ஆகவே சோதனை நம் வீட்டு வாசலிலேயே நடந்திருக்கிறது. அதன் முடிவைத்தான் யாரும் வாசிப்பதில்லை. அந்த முடிவு, தடையை ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இரு தரப்புக்குமே அவ்வளவு வசதியானதல்ல.

*

இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த முதல் பெரிய சட்டம் 1878இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்தது. இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. 1857 மீண்டும் நடக்கக்கூடாது என்பதுதான் நோக்கம். குற்றத்தைக் குறைப்பதெல்லாம் யாருடைய மனதிலும் இல்லை. அந்தச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியாவின் எல்லையோடு முடிந்துவிட்டது. கடலூரிலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் தாண்டினால் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி.

1908இல் பாரதியும், 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். லண்டனில் இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்த ஐயருக்குத் துப்பாக்கி புதிதல்ல. அதே வட்டத்திலிருந்து 1909இல் இருபது பிரௌனிங் பிஸ்டல்கள் பெட்டிக்குள் ஒளித்துப் பம்பாய்க்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றில் ஒன்றுதான் அந்த டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சனைக் கொன்றது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பிரௌனிங் பிஸ்டலால்தான். வாஞ்சி சுடப் பழகியது புதுச்சேரியில், ஐயரிடம் என்பது வரலாற்றாசிரியர்கள் பரவலாக ஏற்பது. அந்தச் செயலை எப்படி மதிப்பிடுவது என்பது வேறு கட்டுரை. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ஒரு பேரரசின் கடுமையான ஆயுதச் சட்டத்தை, ஒரு நாள் நடையில் கடக்கக்கூடிய எல்லைக்கோடு ஓட்டையாக்கிவிட்டது.

எல்லை என்றால் என்ன என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாகூர்ப் பக்கம் ஒரு தெரு தமிழ்நாடு, அடுத்த தெரு புதுச்சேரி. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் எத்தனை வண்டியை நிறுத்தினாலும் விலை குறைந்த சாராயமும் பிராந்தியும் இந்தப் பக்கம் வந்துகொண்டுதான் இருக்கின்றன. வாஷிங்டன் நகரம் 1976இலும் சிகாகோ 1982இலும் கைத்துப்பாக்கிக்குத் தடை போட்டபோது நடந்ததும் இதுவே. வாஷிங்டனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வர்ஜீனியா. சிகாகோவின் எல்லையைத் தாண்டினால் இண்டியானா. சிகாகோவில் குற்றங்களில் பிடிபட்ட துப்பாக்கிகள் முதலில் எங்கே விற்கப்பட்டவை என்று அந்த நகர நிர்வாகமே தேடிப் பார்த்து 2017இல் வெளியிட்ட அறிக்கை, பத்தில் ஆறு வேறு மாநிலங்களில் விற்கப்பட்டவை என்றது. வாஷிங்டன் தடையை 2008இல் ஹெல்லர் வழக்கிலும், சிகாகோ தடையை 2010இல் மெக்டொனால்ட் வழக்கிலும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லாதவை ஆக்கிவிட்டது. ‘தடை போட்டும் சிகாகோவில் கொலை குறையவில்லையே’ என்பவர்கள் இந்த எல்லையைச் சொல்வதில்லை. வாஷிங்டன் பற்றி 1991இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற மருத்துவ ஆய்வு, தடைக்குப் பிறகு துப்பாக்கிக் கொலைகளும் துப்பாக்கித் தற்கொலைகளும் ஏறக்குறைய கால்வாசி குறைந்தன என்று கண்டது. பக்கத்து பால்டிமோரை ஒப்பிட்டால் அந்தக் கணக்கு நிற்காது என்று மறுத்தவர்களும் உண்டு. ஒரு நகரம் மட்டும் போடும் தடையை வைத்து இந்த விவாதத்தைத் தீர்த்துவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

*

தமிழர்கள் சுபாவத்திலேயே துப்பாக்கி தூக்காதவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1967 ஜனவரி 12 அன்று மாலை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரும் எம்.ஆர்.ராதாவும் பேசிக்கொண்டிருந்த அறையில் ரிவால்வர் வெடித்தது. எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது, ராதாவுக்கும் குண்டுக்காயம். இருவரும் பிழைத்தார்கள். எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. கட்டுப்போட்ட கழுத்தோடு அவர் இருந்த சுவரொட்டி அடுத்த மாதத் தேர்தலில் ஊர் ஊராக ஒட்டப்பட்டது. தமிழ்நாட்டின் மிகப் பிரபலமான இந்தத் துப்பாக்கிச் சூடு, கைத்துப்பாக்கியின் தன்மையையும் காட்டிவிடுகிறது. அது மடியில் மறைந்து வீட்டுக்குள் வரும். எதிரில் இருப்பவர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் காரியம் முடிந்துவிடும். அரிவாளோடு ஒருவர் அந்த வரவேற்பறையில் உட்கார்ந்து பேச்சை ஆரம்பித்திருக்க முடியாது.

பதினைந்து ஆண்டு கழித்து, 1982 மே 19 அன்று, சென்னை பாண்டி பஜாரில் ஈழப் போராளித் தலைவர்கள் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரை ஒருவர் கைத்துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஈழப் போராளி இயக்கங்களின் முகாம்கள் தமிழ்நாடெங்கும் பரவின, ஆயுதங்களும் பரவின. 1986 நவம்பர் 8 அன்று மாநிலப் போலீஸ் ஒரே நாளில் முகாம்களைச் சுற்றி வளைத்து ஆயுதங்களைப் பறித்தது. ஆனாலும் 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் தானியங்கித் துப்பாக்கிகளுக்குப் பலியானார்கள். 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகுதான் கதை மாறியது. கடற்கரைக் கண்காணிப்பும், 1992இல் புலிகள் மீதான தடையும், ஓயாத கைதுகளும் சேர்ந்து அந்த வரத்தை அடைத்தன.

ஆகவே தமிழ்நாட்டில் துப்பாக்கி அரிதாக இருப்பது மண்ணின் குணம் அல்ல. வரத்து திறந்தபோது துப்பாக்கி வந்தது, அடைத்தபோது நின்றது. ஏட்டில் அந்தப் பத்தாண்டு முழுக்க இருந்தது அதே 1959 சட்டம்தான். மாறியது அமலாக்கமும் அரசியல் விருப்பமும்தான். தடை வேண்டும், வேண்டாம் என்று வாதிடுகிறவர்கள் பெரும்பாலும் சட்டத்தின் வாசகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். சந்தையில் பொருள் கிடைக்கிறதா இல்லையா என்பதுதான் கேட்க வேண்டியது.

பீகாரின் முங்கேர் இதற்கு எதிர்முனை. பதினெட்டாம் நூற்றாண்டில் நவாப் மீர் காசிம் அங்கே அமைத்த ஆயுதப் பட்டறைகளின் வழிவந்த கைத்திறன் இன்றும் இருக்கிறது. உரிமம் பெற்ற தொழிற்சாலைகள் நலிந்தபின் அந்தத் திறன் கள்ளப் பட்டறைகளுக்குப் போனது. அதே 1959 சட்டம்தான் அங்கும். இந்தியாவில் குடிமக்கள் கையில் 7.1 கோடி துப்பாக்கிகள் இருக்கலாம், அதில் பதிவானவை ஒரு கோடிக்கும் குறைவு என்று ஜெனிவாவின் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2018இல் மதிப்பிட்டது. துப்பாக்கிக் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை உரிமமில்லாத் துப்பாக்கியால் நடப்பவை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பழைய அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டின. 2023 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச வழக்கொன்றை விசாரித்த உச்ச நீதிமன்றம், கள்ளத்துப்பாக்கிப் பெருக்கத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது இதனால்தான்.

*

இனி சங்கடமான எண்களுக்கு வருவோம். 2022இல் தமிழ்நாட்டில் 1,690 கொலைகள்; லட்சம் பேருக்கு 2.2. உத்தரப் பிரதேசத்தில் 3,491, லட்சத்துக்கு 1.5. துப்பாக்கி உரிமம் ஐம்பது மடங்குக்கு மேல் உள்ள மாநிலத்தில், கள்ளத்துப்பாக்கி மலிந்த மாநிலத்தில், கொலை விகிதம் நம்மைவிடக் குறைவு! அங்கே வழக்குகள் ஒழுங்காகப் பதிவாவதில்லை என்று சொல்லலாம். அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் பிணத்தை மறைப்பது, திருட்டுப் புகாரை மறைப்பதுபோல எளிதல்ல. துப்பாக்கி இல்லாததால் தமிழ்நாட்டில் கொலை குறைவு என்று இந்த எண்களை வைத்துக்கொண்டு யாரும் சொல்ல முடியாது.

கொலை நடக்கிறது. எதனால் நடக்கிறது என்று கடலூர் மாவட்டத்தில் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும்: முன்விரோதம். நிலத்தகராறு, கள்ளச்சாராயம், உள்ளாட்சித் தேர்தல், ஆலைகளில் ஸ்கிராப் எடுப்பது, பழைய கொலைக்குப் பழி என்று அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடும். 2020 ஆகஸ்ட் தொடக்கத்தில் தாழங்குடா மீனவ கிராமத்தில் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். உள்ளாட்சித் தேர்தல் பகை என்றார்கள். அந்த இரவே படகுகளும் வலைகளும் எரிந்தன. 2021 பிப்ரவரியில் கடலூர் நகரத்தில் ரவுடி ஒருவரின் தலையே துண்டிக்கப்பட்டது. புதுச்சேரிப் பக்கம் இதோடு நாட்டு வெடிகுண்டும் சேர்ந்துகொள்ளும். 2017 ஜனவரியில் காரைக்கால் பக்கம் முன்னாள் சபாநாயகர் வி.எம்.சி.சிவகுமாரும், 2023 மார்ச்சில் வில்லியனூரில் ஓர் அரசியல் பிரமுகரும் முதலில் குண்டு, பிறகு அரிவாள் என்ற முறையில்தான் கொல்லப்பட்டார்கள். குண்டு புகைமூட்டத்துக்கும் ஆட்களைச் சிதறடிக்கவும். வேலையை முடிப்பது வீச்சரிவாள்.

2021 செப்டம்பரில் அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு மாநிலம் முழுக்க ரவுடி வேட்டைக்கு உத்தரவிட்டார். மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் கைதானார்கள். பறிமுதலான 1,117 ஆயுதங்களில் துப்பாக்கி 7. மற்றவை கத்தியும் அரிவாளும். இதற்கு மேல் ஒரு புள்ளிவிவரம் வேண்டுமா என்ன? அதையொட்டி வந்த இன்னோர் உத்தரவு, கொல்லுப் பட்டறைக்காரர்கள் அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, செல்போன் எண், எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் நோட்டில் எழுதி வைக்க வேண்டும், கடையில் கேமரா பொருத்த வேண்டும் என்றது. தென்னை ஏறுபவர், கறிக்கடைக்காரர், கருவேலம் வெட்டுபவர் என்று எல்லாரும் வாங்கும் பொருள் அது. சட்டமும் இதை அறியாமல் இல்லை. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டாயுதங்களும் ஆயுத விதிகளின் அட்டவணையில் உண்டு. ‘வீட்டு, விவசாய உபயோகத்துக்கானவை நீங்கலாக’ என்ற விலக்கும் கூடவே உண்டு. அந்த விலக்கு வழியாகத்தான் மொத்த அரிவாளும் போகிறது. விலக்கை எடுத்துவிட்டால் அறுவடையே நின்றுவிடும்.

‘துப்பாக்கியைப் பறித்தால் கத்தியை எடுப்பான், என்ன வித்தியாசம்?’ என்பது தடையை எதிர்ப்பவர்களின் பழைய வாதம். 1968இல் பிராங்க்ளின் ஜிம்ரிங் என்ற சட்ட அறிஞர் சிகாகோ போலீஸ் பதிவுகளை வைத்து இதற்குப் பதில் தேடினார். கத்திக்குத்துகளும் துப்பாக்கிச் சூடுகளும் ஒரே மாதிரியான சண்டைகளில், ஒரே மாதிரியான மனிதர்களுக்கு இடையில் நடந்திருந்தன. ஆனால் சுடப்பட்டவர்கள் இறந்த விகிதம், குத்தப்பட்டவர்கள் இறந்த விகிதத்தைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோபம் அதே அளவுதான். கையில் கிடைத்த பொருள்தான் முடிவைத் தீர்மானித்தது.

இந்தக் கண்டுபிடிப்பு நம் ஊருக்குப் பாதிதான் பொருந்துகிறது. டீக்கடைச் சண்டை, குடிபோதைத் தகராறு, அண்ணன் தம்பி வரப்புச் சண்டை ஆகியவற்றில் முழுக்கப் பொருந்தும். அரிவாள் வெட்டோடு கடலூர் அரசு மருத்துவமனைக்கு வந்து, அங்கிருந்து ஜிப்மருக்கு ஆம்புலன்சில் போய்ப் பிழைத்தவர்கள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அதே கையில் ரிவால்வர் இருந்திருந்தால் கதை வேறு. ஆனால் ‘ஸ்கெட்ச் போட்டு’ செய்யும் கொலையில் நிலைமை தலைகீழ். ஆயுதத்தின் குறைபாட்டை ஆள்பலம் ஈடுகட்டுகிறது. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை ஒரு கும்பல் சூழ்ந்து வெட்டியது. அவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்ததை ஜூனில் திரும்பப் பெற்றிருந்தார் என்று காவல் ஆணையரே சொன்னார். தற்காப்புக்குத் துப்பாக்கி என்ற வாதத்தின் எல்லை அந்தத் தெருவில் தெரிந்தது. எதிரி நேரத்தையும் இடத்தையும் முடிவு செய்துவிட்டால் உரிமம் பெற்ற துப்பாக்கி உதவுவதில்லை.

அரிவாள் கொலைக்கு ஆள் வேண்டும். ஐந்தாறு பேர், இரண்டு மூன்று பைக், நோட்டம் பார்க்க ஒருவன், பிறகு சரணடைய ஆட்கள், வக்கீல் செலவுக்கு ஒரு தலை. துப்பாக்கி அரிதான இடத்தில் கொலை ஒரு கூட்டுத் தொழிலாகிவிடுகிறது. கும்பலுக்கு மதிப்புக் கூடுகிறது. தமிழ்நாட்டின் ரவுடி அமைப்பு இவ்வளவு தடித்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அதன் மறுபக்கமும் உண்டு. ஆறு பேர் அறிந்த ரகசியம் நிற்காது. வாடகைக் காரில் தனியாக வந்து, கண்ணாடியை இறக்கிச் சுட்டுவிட்டுப் போகும் கொலையாளி இங்கே அபூர்வம். 2020 நவம்பரில் சவுகார்பேட்டையில் ஒரே குடும்பத்தில் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது சென்னையே அதிர்ந்ததும் அதனால்தான். துப்பாக்கி வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்களோடு வந்தது. அதே ஆண்டு ஜனவரி 8 அன்று களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுடப்பட்டது, கேரள எல்லையில்.

*

தடையின் பலன் எங்கே உறுதியாகத் தெரிகிறது என்று கேட்டால், கொலையைவிட முதலில் தற்கொலையைத்தான் சொல்வேன். நம் விவாதங்களில் அதிகம் பேசப்படாத பக்கம் அது. 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,204 பேர். அவர்களில் 27,000 பேருக்கு மேல் தற்கொலை. கொலையுண்டவர்கள் இருபதாயிரத்துக்கும் குறைவு. அமெரிக்கத் துப்பாக்கிப் பிரச்சினை என்பது பாதிக்கு மேல் தற்கொலைப் பிரச்சினை.

அதே ஆண்டு தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்த எண்ணிக்கையில் துப்பாக்கியின் பங்கு சொல்லத்தக்கதல்ல. பண்ருட்டி முந்திரிக்காடுகளிலும் விருத்தாசலம் பக்கத்து வயல்களிலும் அந்த இடத்தை நிரப்புவது பூச்சிமருந்து. சாகத் துணியும் மனநிலை பெரும்பாலும் நீண்ட நேரம் நிலைப்பதில்லை என்பது மனநல மருத்துவம் திரும்பத் திரும்பச் சொல்வது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. பூச்சிமருந்து குடித்தவரை ஆட்டோவில் தூக்கிப்போட்டு மருத்துவமனை சேர்க்க நேரம் இருக்கிறது. துப்பாக்கி அந்த நேரத்தைத் தருவதில்லை.

இதற்குச் சான்று பக்கத்திலேயே உண்டு. இலங்கை 1995இல் மிகக் கொடிய பூச்சிக்கொல்லி வகைகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடை செய்தது. 1995இல் லட்சம் பேருக்கு 47 என்று உலகின் உச்சத்தில் இருந்த அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பத்தாண்டில் பாதியானது. அதே காலத்தில் போர், வறுமை, குடி எதுவும் தீர்ந்துவிடவில்லை. நஞ்சு குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்; இறந்தவர்கள் குறைந்தார்கள். ‘சாக நினைப்பவன் வேறு வழி தேடிக்கொள்வான்’ என்ற நம்பிக்கையை இதைவிடத் தெளிவாக உடைத்த நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. கைத்துப்பாக்கித் தடைக்கு ஆதரவான மிக வலுவான ஆதாரம் துப்பாக்கி ஆய்வுகளில் இல்லை, இலங்கையின் பூச்சிமருந்துக் கடைகளில் இருக்கிறது என்பேன்.

*

பிரிட்டன், ஆஸ்திரேலியா கதைகள் பலருக்கும் தெரிந்தவை, சுருக்கமாகவே சொல்கிறேன். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியை ஒருவரும் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கிகளால் கொல்லப்பட்டார்கள். 1997இல் வட அயர்லாந்து நீங்கலாகத் தனியார் கைத்துப்பாக்கிகள் ஏறக்குறைய முழுதும் தடை செய்யப்பட்டன. 1,60,000க்கும் மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகள் கைத்துப்பாக்கிக் குற்றங்கள் குறையவில்லை, கூடின. தடையின் தோல்விக்கு இதைத்தான் காட்டுவார்கள். கூடியவை விளையாட்டுச் சங்கங்களில் ஒப்படைத்த துப்பாக்கிகளால் நடந்தவை அல்ல; கடத்தி வந்தவையும், ஏர் பிஸ்டல்களைக் குடைந்து உண்மைத் துப்பாக்கியாக மாற்றியவையும்தான். அந்த வகை ஏர் பிஸ்டல்களையும் அடுத்த சட்டங்கள் பிடித்தபின் எண்கள் இறங்கின. டன்பிளேன் போன்ற பள்ளிப் படுகொலை அதன்பின் பிரிட்டனில் நடக்கவில்லை. ஆஸ்திரேலியா 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் இறந்தபின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை விலைக்கு வாங்கி உருக்கியது. கைத்துப்பாக்கிகளுக்கென்று 2003இல் இன்னொரு முறை. இரண்டு நாடுகளுக்கும் சுற்றிலும் கடல். சிகாகோவுக்கு அது வாய்க்கவில்லை.

தீவாக இருந்தால் போதும் என்றும் இல்லை. 2025 பிப்ரவரியில் கொழும்பு நீதிமன்றத்துக்குள் நிழலுலகப் பிரமுகர் கணேமுல்ல சஞ்சீவ சுடப்பட்டார். சட்டப் புத்தகத்தின் பக்கங்களைக் குடைந்து அதற்குள் ரிவால்வரைக் கொண்டுவந்திருந்தார்கள். இலங்கைச் சட்டம் ஒன்றும் மென்மையானதல்ல. முப்பது ஆண்டுப் போரும், படைகளிலிருந்து ஆயுதத்தோடு ஓடியவர்களும் விட்டுச்சென்ற துப்பாக்கி இருப்பு அங்கே இன்னும் தீரவில்லை. 2022 ஜூலையில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் அபேயைக் கொன்றது குழாயைச் சேர்த்துக் கட்டிய வீட்டுத் தயாரிப்பு. ஆனால் ஜப்பானில் ஓராண்டில் துப்பாக்கியால் இறப்பவர்களை ஒரு பேருந்தில் ஏற்றிவிடலாம். ஒரு விதிவிலக்கைக் காட்டி விதியைக் கவிழ்க்க முடியாது.

நம் மலைகளில் இருக்கும் நாட்டுத்துப்பாக்கியையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கல்வராயன், ஜவ்வாது மலைகளில் கருமருந்தை இடித்து, பால்ரஸ் குண்டுகளைக் குழாயின் வாய்வழியே போட்டுத் திணிக்கும் நீளக்குழல் அது. காட்டுப்பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்டுவிட்ட செய்திகள் வருவதுண்டு. ‘குறிப்பிட்ட தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று தண்டோரா போட்டால், இரவோடு இரவாக ஊர் மந்தையில் கொண்டுவந்து போட்டுவிடுகிறார்கள். மடியில் மறைக்க முடியாத, ஒரு வெடிக்கு அரை நிமிடம் பிடிக்கும் துப்பாக்கியை ரவுடிகள் விரும்புவதில்லை. கைத்துப்பாக்கிக்கு மட்டும் தனித் தடை ஏன் என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

*

குடிமகனிடம் துப்பாக்கி இல்லாத மாநிலத்தில் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது? 2021 பிப்ரவரி கடலூர்க் கொலையில் தேடப்பட்டவர், சில மணி நேரத்தில் பண்ருட்டி அருகே போலீஸ் சுட்டதில் இறந்தார். ஆம்ஸ்ட்ராங் வழக்கில் கைதானவர்களில் ஒருவர் பத்தாம் நாள் போலீஸ் துப்பாக்கிக்கு இறந்தார். 2018 மே மாதம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் போராட்டத்தில் 13 பேரைக் கொன்றதும் கள்ளத்துப்பாக்கி அல்ல. அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கான நியாயத்தை நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை ஏற்கவில்லை.

தடையை ஆதரிக்கும் நான் இதைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முழுமையாகாது. 1878இன் சட்டம் ஆண்டவர்களைக் காக்க வந்தது என்று பார்த்தோம்; 1959இன் சட்டம் மக்களைக் காக்க வந்தது என்கிறோம். இந்த இரண்டும் வேறானவை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு துப்பாக்கி வைத்திருக்கும் தரப்புக்கு உண்டு. 2014இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், என்கவுன்டர் மரணம் ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை, வேறொரு பிரிவின் சுதந்திரமான விசாரணை, நடுவர் விசாரணை, சுட்ட காவலர் தம் துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைப்பது எல்லாவற்றையும் கட்டாயமாக்கியது. தேர்தல் அறிவித்த சில நாட்களுக்குள் உரிமத் துப்பாக்கிகளைக் கணக்கெடுத்துக் காவல் நிலையத்தில் பூட்டி வைத்து, எத்தனை வந்தன, எத்தனை வரவில்லை என்று மாவட்ட நிர்வாகம் பத்திரிகைகளுக்கே சொல்கிறது. அதே சுறுசுறுப்போடு, ஒவ்வோர் ஆண்டும் மாவட்டவாரியாகப் போலீஸ் துப்பாக்கிகள் எத்தனை முறை சுட்டன, யாரைச் சுட்டன, விசாரணை என்ன ஆனது என்ற பட்டியலையும் வெளியிட எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. உள்துறைச் செயலரின் ஓர் ஆணை போதும்.